தாத்தா பெயர் எழுதிய சுவர்

பகானில் ஒரு சின்னப் பயா இருக்கிறது. கோவில், ஸ்தூபி எதுவானாலும் இங்கே பயா என்ற ஒரே சொல்தான். பர்மாவில் பிறந்த எங்களுக்கு வேறு சொல் வாயில் வராது. அந்தப் பயாவின் பெயரையோ, அதற்குத் தொல்லியல் துறை கொடுத்த எண்ணையோ இங்கே எழுதப்போவதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் சுவருக்குள்ளேயே ஒரு படிக்கட்டு போகும். தோளைச் சாய்த்துக்கொண்டுதான் ஏற முடியும். டார்ச் இல்லாவிட்டால் கால் வைக்கிற இடம் தெரியாது. படிகள் முடிந்து மேல்தளத்துக்கு வெளிவருகிற இடத்தில் ஒரு செங்கலின் மூலை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து நான் முதலில் ஏறிவிடுவேன். பிறகு பின்னால் வருகிறவர்களுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுப்பேன்.

இருபது வருடத்துக்கு மேல் வழிகாட்டி வேலை பார்த்தவன் நான். வீடு ரங்கூனில் தாமுவே. தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வருகிற தமிழ்க் குழுக்களை ரங்கூன், பெகு, மண்டலே, பகான் என்று சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. அந்தச் செங்கல் முதல் சில வருடங்கள் பாறை மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு சீசனில் லேசாக ஆடியது. மறு சீசனில் கொஞ்சம் கூடுதலாக ஆடியது. 2014 டிசம்பரில் ஒரு சாயங்காலம் அது என் கையோடு வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த இடுக்கிலிருந்து பொடிப்பொடியாக மண் கொட்டியது. பகான் செங்கற்களை ஒட்டிவைத்திருப்பது சிமெண்ட் இல்லை, மெல்லிய களிமண் பூச்சு. ஒன்றின் மேல் ஒன்று நெருக்கமாக உட்கார்ந்திருப்பதுதான் அவற்றின் பலம். நான் அந்தச் செங்கல்லைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன். கீழே இருட்டில் நின்ற ஓர் அம்மா, "என்ன தம்பி ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைம்மா, பார்த்து வாங்க" என்றேன். அன்றைக்குப் பதினொரு பேரை மேலே ஏற்றினேன். சூரியன் ஐராவதிக்கு அப்பால் இறங்கியது. எல்லோரும் படம் எடுத்தார்கள். நல்ல டிப்ஸ் கிடைத்தது.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பகானுக்கு வராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐராவதி ஆற்றின் வளைவில் வறண்ட சமவெளி. பனைமரம், கருவேலம், நிலக்கடலை வயல். அதற்கு நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செங்கல் கோபுரங்கள். பதினோராம் நூற்றாண்டில் அனவ்ரதா மன்னர் காலத்திலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு முடிகிற வரை அரசர்கள், ராணிகள், மந்திரிகள், பணம் வைத்திருந்த சாதாரணக் குடும்பங்கள் எல்லோரும் புண்ணியத்துக்காகக் கட்டியவை. இன்றைக்கு மிஞ்சியிருப்பவையே 3,500க்கு மேல். 2019இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவ்வளவு இருக்கும்போது ஒரு செங்கல் போனால் என்ன என்று நினைப்பு வருவது சுலபம். எனக்கு வந்தது. அன்று அந்தப் படிக்கட்டில் நின்றபோது என் மனதில் ஓடியது அதுதான்.

ஷ்வேசண்டோ பயாவைப் பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து அடுக்கு, நான்கு பக்கமும் செங்குத்தான படி, பிடித்து ஏற இரும்புக் கம்பி. சீசனில் நாலரை மணிக்கே கீழே பஸ்கள் வரிசை கட்டிவிடும். ஐந்து மணிக்கு மேலடுக்கில் நிற்க இடம் இருக்காது. ட்ரைபாட் காலை செங்கல் இடுக்கில் அழுத்தி நிறுத்துவார்கள். விளிம்பில் உட்கார்ந்து குதிகாலால் சுவரைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பயாவில் செருப்பு கூடாது என்பதால் கீழே கழற்றிவைத்துவிட்டு, மேலே போனதும் பைக்குள்ளிருந்து இன்னொரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தச் செருப்பு விவகாரம் எவ்வளவு பெரிய போராட்டமாக இருந்தது என்பது பர்மாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். 1919இல் மண்டலேயில் ஐந்தோயா பயாவுக்குள் காலணியோடு நுழைந்த ஐரோப்பியர்களைப் பிக்குகளே அடித்து விரட்டினார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு, "சார், செருப்பைக் கழட்டுங்க" என்று நான் கெஞ்சவேண்டி இருந்தது. கழற்றச் சொன்னேன். ஆனால் இறங்கச் சொல்லவில்லை. ஏற்றிவிட்டவனே நான்தானே.

அந்தச் சாயங்காலங்களில் அங்கே கெட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் பகானின் அழகில் மயங்கி வந்தவர்கள். ஒரு மனிதன் ஒரு தடவை ஏறினால் ஒன்றும் ஆகாது என்பதும் உண்மை. நூறு பேர், தினமும், இருபது வருடம் என்று யாரும் கணக்குப் போடவில்லை. அந்தக் கணக்கு வழிகாட்டிக்குத்தான் தெரியும். விருந்தாளி ஒரு தடவை வந்து போகிறார். நாங்கள் ஒவ்வொரு சாயங்காலமும் அங்கே நிற்கிறோம்.

2016 பிப்ரவரியில் பயாக்கள் மேல் ஏறக்கூடாது என்று அரசு தடை அறிவித்தது. சுற்றுலாத் தொழிலில் இருந்த நாங்கள் எல்லோரும் கூச்சல் போட்டோம். நானும் போட்டேன். பிழைப்புப் போகிறதே என்ற பயம். உடனே ஐந்து பயாக்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 24, மாலை ஐந்து மணிக்குப் பூமி அதிர்ந்தது. ரிக்டர் 6.8. ஏறத்தாழ 400 பயாக்களில் சேதம். சுலாமணி கோவிலின் உச்சி இடிந்து சிவப்புத் தூசி மேகமாக எழுந்த படத்தை நான் ரங்கூனில் போனில் பார்த்தேன். மழைக்காலம் என்பதால் கூட்டம் குறைவு. அதே ஐந்து மணி, அதே அதிர்வு, ஜனவரி மாதமாக இருந்திருந்தால்? ஷ்வேசண்டோவின் மேலடுக்கில் என் கையைப் பிடித்து ஏறிய அம்மாக்களும் தாத்தாக்களும் நின்றிருப்பார்கள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். பகானுக்குக் கேடு செய்தது சுற்றுலாக்காரர்கள் மட்டும் இல்லை. 1975 ஜூலையில் வந்த நில அதிர்ச்சியும் பெரியது. பிறகு 1990களில் பழைய அடித்தளத்தின் மேல் அவசர அவசரமாகப் புதுக் கோபுரங்களை எழுப்பினார்கள். 2016இல் விழுந்ததில் நிறைய அந்தப் புதுக் கட்டுமானம்தான். அதற்கும் முன்னால், 1899இல், தோமன் என்ற ஜெர்மானியர் வெட்கியின் என்ற ஊரிலுள்ள குப்யாவுக்ஜி கோவிலுக்குள் போய்ச் சுவரோவியங்களைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப்போனார். வெட்டிய இடங்கள் இன்றும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. அங்கே குழுவை நிறுத்தி, "பாருங்க, வெள்ளைக்காரன் செஞ்ச வேலை" என்று வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள்.

சரி, சுவரோவியம் என்றதும் சொல்லவேண்டியதற்கு வந்துவிட்டேன்.

பகான் ஓவியங்கள் காய்ந்த பூச்சின் மேல் வரையப்பட்டவை. வண்ணம் சுவருக்குள் ஊறி இறங்கவில்லை, மேலே ஒரு தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் தொட்டால் விரலோடு வரும். குறுகலான சுற்றுப்பாதையில் முதுகுப்பையோடு ஒருவர் திரும்பினால் அந்தப் பையின் ஜிப் சுவரில் கோடு போட்டுவிடும். போட்டவருக்குத் தெரியவே தெரியாது. தோளுயரத்தில் எத்தனை கோவில்களில் ஒரே நீளக் கீறலாக ஓவியம் போயிருக்கிறது தெரியுமா? அது கத்தியால் கீறியது இல்லை. ஜிப், பெல்ட் பக்கிள், கேமரா, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சாய்ந்து இளைப்பாறியவர்களின் தலை. உள்ளூர் யாத்ரிகர்கள் ஏற்றிய மெழுகுவர்த்திப் புகையும் அதில் சேர்த்தி. நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். பையை வண்டியிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இதையாவது ஒழுங்காகச் செய்தேன் என்று எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

2018 ஜனவரியில் ஒரு குடும்பம் வந்தது. சிவகங்கைப் பக்கம். தாத்தா ரங்கூனில் மொகல் தெருவில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1964இல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது, கட்டிய வேட்டியோடு கப்பலேறிய ஆயிரக்கணக்கான பேரில் ஒருவர். சாகிறவரை பர்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். வந்தவர்களில் பேரன் ஒருவன், இருபத்தைந்து வயது இருக்கும், அவ்வளவு நல்ல பிள்ளை. முதல் நாளே என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். மொகல் தெருவில் தாத்தா வேலை பார்த்த இடம் எது என்று தெரியாமல், தெரு முழுக்க மூன்று தடவை நடந்தான். பழைய கட்டடம் ஒன்றின் வாசல்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கியது. என் அப்பா அந்தக் கப்பலில் ஏறாமல் இங்கேயே தங்கிவிட்டவர்.

பகானில் அவர்களை நத்லாவுங் சாங்குக்குக் கூட்டிப்போனேன். நகரச் சுவருக்குள் மிஞ்சியிருக்கும் ஒரே விஷ்ணு கோவில் அது. வெளிமாடங்களில் பத்து அவதாரங்கள் இருந்தன, இப்போது ஏழுதான் இருக்கின்றன. மியின்கபா என்ற ஊர்ப் பக்கம் கிடைத்த தமிழ்க் கல்வெட்டைப் பற்றியும் அங்கேதான் சொல்வேன். பதின்மூன்றாம் நூற்றாண்டு. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், இங்கிருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் என்ற விஷ்ணு கோவிலுக்கு ஒரு மண்டபம் கட்டிக் கதவு போட்டு, எரிந்துகொண்டே இருக்க ஒரு நிலைவிளக்கும் கொடுத்ததாக அது சொல்கிறது. மகோதயர்பட்டணம் என்றால் இன்றைய கேரளத்துக் கொடுங்கல்லூர். இதைச் சொல்லும்போது எந்தத் தமிழ்க் குழுவும் நிமிர்ந்து உட்காரும். பேரன் அந்த வரிகளை என்னிடம் இரண்டு தடவை கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். "அப்ப நம்ம ஆளு பேரு இங்க எழுநூறு வருஷமா இருக்கு, இல்ல மாமா?" என்றான். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சின்னப் பயாவுக்குப் போனோம். அதற்குள் பயாக்களின் மேலே ஏறுவது ஏறக்குறைய எங்குமே நின்றுபோயிருந்தது. படிக்கட்டுக்குக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஓவியம் பார்ப்பதற்காக மட்டும் போனோம். இப்படிப்பட்ட பயாக்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் யாராவது சாவி வைத்திருப்பார். அங்கே ஒரு வயதான அம்மா. அடோ என்று கூப்பிடுவேன், பர்மியத்தில் அத்தை, சித்தி மாதிரி. கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்த குழம்பைப் பூசிக்கொண்டு, வாசலில் மணல் ஓவியம் விற்றுக்கொண்டிருப்பார். கதவைத் திறந்துவிட்டு டார்ச்சைக் கையில் கொடுப்பார். உள்ளே சுவர் முழுக்கக் கட்டைவிரல் உயரத்தில் வரிசை வரிசையாகப் புத்தர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு முகமும் தனியாக எழுதப்பட்டது.

நான் குழுவோடு முன்னால் போய்விட்டேன். பேரன் பின்தங்கிவிட்டான். ஓவியத்தைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். வெளியே வந்து ஆளை எண்ணும்போது அவன் இல்லை. திரும்ப உள்ளே போனேன். போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு, வீட்டுச் சாவியால் சுவரில் எழுதிக்கொண்டிருந்தான். தாத்தாவின் பெயர். அதற்குக் கீழே "ரங்கூன், 1964" என்று எழுதத் தொடங்கி, 6 வரை வந்திருந்தான்.

"டேய்!" என்று கத்தினேன். விருந்தாளியை அப்படிக் கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவன் நடுங்கிப்போய்விட்டான். "மாமா, தாத்தா பகானைப் பார்க்கணும்னு சொல்லிட்டே செத்துப்போனார் மாமா. பேராவது இங்க இருக்கட்டும்னுதான்" என்றான். சாவி நுனியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூச்சு ஒட்டியிருந்தது. எழுத்து நல்ல ஆழம். ஆறேழு புத்தர்களின் மேல் போயிருந்தது. மூன்று முகங்கள் முழுசாகவே இல்லை.

சத்தம் கேட்டு அடோ வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தரையில் உதிர்ந்து கிடந்த பொடியைக் குனிந்து விரலால் ஒற்றி எடுத்து, துணியில் முடிந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். "யபாதே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அந்தச் சொல் எந்த அளவுக்குப் பரவாயில்லாதவற்றுக்கெல்லாம் இங்கே சொல்லப்படுகிறது என்பது பர்மாவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

அன்று ராத்திரி அறையில் தூங்காமல் கிடந்தபோது யோசித்தேன். அந்தப் பிள்ளைக்குக் குலசேகர நம்பியின் கதையைச் சொன்னவன் நான். பெயர் எழுநூறு வருடம் நிற்கும் என்பதைத்தான் அவன் காதில் வாங்கியிருக்கிறான். அந்த மனிதர் மண்டபம் கட்டினார், கதவு போட்டார், விளக்கு வைத்தார், தான் கொடுத்ததைத் தனிக் கல்லில் எழுதினார். இதை நான் அழுத்திச் சொல்லவில்லை. பெருமையை மட்டும் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் கொடுத்தவர்களுக்கே இந்தப் பயம் இருந்தது. மியாசேதி கல்வெட்டு என்று ஒன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். இளவரசர் ராஜகுமாரர் தன் தந்தை சான்சித்தா மன்னருக்காகச் செய்த தர்மத்தைப் பாலி, மோன், பியூ, பர்மியம் என்று நான்கு மொழிகளில் சொல்கிறது. தன் தர்மத்துக்கு ஊறு செய்கிறவன் வரப்போகிற மைத்ரேயப் புத்தரைப் பார்க்காமலே போகட்டும் என்று கடைசியில் சபித்திருக்கிறார். நம் ஊர்க் கல்வெட்டுகளிலும் உண்டு. அழிப்பவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று ஒரு பக்கம் மிரட்டல். காப்பாற்றுபவர் பாதம் என் தலைமேல் என்று இன்னொரு பக்கம் கும்பிடு. முன்பின் தெரியாத, இன்னும் பிறக்காத ஒருவன் காலைத் தலையில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார் கொடுத்தவர், சுவரைத் தொடாமல் விட்டால் போதும் என்பதற்காக. இப்போதெல்லாம் உள்ளூர்க் குழு எது வந்தாலும் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

நோய்த்தொற்று வந்தது. பிறகு 2021 முதல் நாட்டு நிலைமை எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுக் குழுக்கள் நின்றுபோயின. நான் இப்போது பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறேன், வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சூரிய அஸ்தமனம் பார்க்க பகானில் மண்மேடுகள் கட்டிவிட்டார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் அழகு குறைவு என்று இணையத்தில் புலம்புகிறார்கள், யாரும் அறியாத பயா, ரகசியப் படிக்கட்டு என்று மேப்பில் குறி போட்டுப் பகிர்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு குறி போட்டால் அடுத்த சீசனில் அங்கே ஐம்பது ஈ-பைக் நிற்கும். முதலில் எண் சொல்லமாட்டேன் என்றேனே, அதற்கு இதுதான் காரணம். எனக்கும் அந்த ரகசியம் தெரியும், எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். ஈ-பைக் பையன்கள் காசுக்காகக் கூட்டிப்போனால் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். கேட்பதை நீங்கள் நிறுத்தினால் அவர்கள் காட்டுவதையும் நிறுத்துவார்கள்.

2024 நவம்பரில் ரங்கூனிலிருந்து தெரிந்த குடும்பம் ஒன்று பகானுக்குக் கிளம்பியது. கூடப் போனேன். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் சிவகங்கைப் பையனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தது. கல்யாணமாகி ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாத்தா பெயரையே வைத்திருக்கிறான். "மாமா, அந்தச் சுவர்ல பேரு இன்னும் இருக்கா? பயப்படாம கேக்கறேன், திட்டாதீங்க" என்று எழுதியிருந்தான்.

அடோ இறந்து இரண்டு வருடமாகிவிட்டதாம். சாவி இப்போது மகளிடம். கதவைத் திறந்து அதே டார்ச்சைக் கொடுத்தாள். பெயர் இல்லை. யாரோ சுண்ணாம்புப் பூச்சால் கீறல்களை அடைத்திருக்கிறார்கள், நல்ல பொறுமையான கை. ஆனால் பழுப்பேறிய சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெளுப்பு, புண் ஆறிய இடம் மாதிரி. வரிசையில் புத்தர்கள் வந்து அங்கே நின்றுவிட்டு, அந்தப் பக்கம் மறுபடி தொடர்கிறார்கள்.

உள்ளே படம் எடுக்கக்கூடாது. வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து அவனுக்குப் போன் செய்தேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பெயர் போய்விட்டது, சுவரை மூடிவிட்டார்கள், மூன்று முகம் இல்லை என்றேன். அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"அந்த மூணு முகத்தைத் திரும்ப வரைய முடியாதா மாமா?" என்றான்.

"முடியாதுப்பா" என்றேன். "வரைஞ்சா அது இப்ப வரைஞ்சதா இருக்கும்."

குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. அப்புறம் பேசுகிறேன் மாமா என்று போனை வைத்தான். மகளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பத் திரும்பினேன். அவள் எங்களுக்குப் பின்னால் உள்ளே போய், தரையை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.